பாதி நனைந்த சட்டை

புதிதாக வார்டுக்கு வந்திருக்கும் நால்வருக்கும்,

அடுத்த வாரம் எனக்கு மாற்றல். ஒன்பது வருடம் பார்த்த வார்டை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். ஒப்படைக்கும் தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. ஊசி போடுவதையும் டிரிப் ஏற்றுவதையும் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. இந்த வார்டில் நான் எழுதிய ஒரு வரியைப் பற்றி.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவள் நான். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ரோடு வேலைக்கு இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவர். அம்மா திக்லிபூரில் பாக்கு உரித்தவள். இரண்டு பேருமே கைநாட்டு. நான் நர்ஸ் ஆகி முதல்நாள் சார்ட்டில் பெயரை எழுதிக் கையெழுத்திட்டபோது, அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட முடியவில்லையே என்றுதான் வருத்தப்பட்டேன். என் கையெழுத்தின் மேல் எனக்கு அவ்வளவு பெருமை. இன்றும் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

இன்னொரு பெருமையும் இருந்தது. கள்ள நோயாளிகளைப் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று வார்டில் பேச்சு. நீங்களே பார்ப்பீர்கள். கப்பல் தேதி அறிவித்துவிட்டால் நம் வார்டு நிறைந்துவிடும். கிறிஸ்துமஸ், பொங்கல், பூஜை என்று எது நெருங்கினாலும் அதற்கு முன் எல்லோருக்கும் எங்கேயோ வலிக்கும். மெயின்லேண்டுக்கு டிக்கெட் கிடைப்பது அவ்வளவு கஷ்டம். டாக்டர் மேல்சிகிச்சைக்கு என்று ரெஃபரல் எழுதினால் கப்பலில் இடம் கிடைத்துவிடும், விடுப்பும் கிடைத்துவிடும். தெர்மாமீட்டரை டீயில் முக்கியவரைப் பிடித்திருக்கிறேன். முதுகு அசையவில்லை என்று பத்து நாள் படுத்திருந்த ஒருவர், துறைமுகத்தில் கப்பல் ஹாரன் கேட்டதும் துள்ளி எழுந்து சன்னலுக்கு ஓடினார். நான் பின்னால் நின்று, "இப்ப முதுகு எப்படி இருக்கு அண்ணே?" என்று கேட்டேன். ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அப்படிப்பட்ட டிசம்பரில்தான் சூசை வந்தார்.

அரசுப் படகில் லஷ்கர் வேலை. படகு கரை சேரும்போது கயிறு வீசிக் கட்டுபவர். நாற்பத்தைந்து வயதிருக்கும், தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். மூன்று வாரத்துக்கு முன் ஸ்ட்ரோக் என்று போர்ட் பிளேரில் சேர்த்துப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். கையிலிருந்த தாளில் "ஸ்ட்ரோக், தேறிவிட்டார்" என்பதற்கு மேல் விவரமில்லை. இன்னொரு தாள் இருந்ததாம், பஸ்ஸில் தொலைந்துவிட்டதாம். அங்கேயே எனக்கு முதல் சந்தேகம்.

கை கால் இரண்டும் நன்றாக இருந்தன. டாக்டரின் விரலை இரண்டு கையாலும் ஒரே பலத்தோடு பிடித்தார். குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்தது. அவ்வப்போது விக்கல். அவர் சொன்ன புகார்தான் விசித்திரமானது.

"வலது பக்கம் வேர்க்கவே மாட்டேங்கு டாக்டர். மூஞ்சி, நெஞ்சு, எல்லாம் வலது பக்கம் காஞ்சு கெடக்கு. இடது பக்கம் தண்ணியா ஊத்துது. நடுவுல கோடு போட்ட மாதிரி."

நம் டாக்டர் வங்காளி, என் வயதுதான். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அடுத்த இரண்டு நாள் அவர் படகில் வெளிக் கிராம முகாமுக்குப் போக வேண்டும். சூசையை வார்டில் சேர்க்கச் சொல்லிவிட்டு என்னிடம், "ஜோ திக்தா ஹை வஹி லிக்கோ. ராய் மத் லிக்கோ," என்றார். கண்ணில் படுவதை மட்டும் எழுது, உன் அபிப்பிராயத்தை எழுதாதே என்று பொருள். இதைப் போய் எனக்குச் சொல்ல வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பிற்பகலே சூசையின் அலுவலகத்திலிருந்து தலைமை எழுத்தர் வந்துவிட்டார். மதுரைக்காரர், பேச்சில் கெட்டிக்காரர். சூசை வேலைக்குத் தகுதியானவரா என்று ஆஸ்பத்திரி எழுதித்தர வேண்டும் என்ற கடிதம் கையில் இருந்தது.

"சிஸ்டர், உங்களுக்கு ஒரு விசயம் தெரியுமா? இவரு அக்கா மகளுக்குத் தூத்துக்குடியில கல்யாணம். தாய்மாமன் இவருதான். சுட்டி கேட்டாரு, ஆள் இல்லைன்னு நாமஞ்சூர் ஆயிருச்சு. இப்ப பாருங்க, பாதி உடம்புக்கு மட்டும் பீமாரி."

சுட்டி என்றால் விடுப்பு, நாமஞ்சூர் என்றால் மறுப்பு, பீமாரி என்றால் நோய். இந்தத் தீவில் நாம் எல்லோரும் பேசும் தமிழ் அதுதானே. நான் சிரித்துவிட்டேன்.

"தகுதின்னு வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"மறுநாளே படகுல ஏறணும். இது வரைக்கும் வராத நாளுக்கெல்லாம் நோட்டீஸ் போகும். ஏற்கெனவே ஒரு நோட்டீஸ் இருக்கு. இன்னொண்ணு வந்தா வேலை சந்தேகம்தான்."

ஒரு மனிதனின் வேலை என் பேனாவில் இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

மறுநாள் காலை சூசையின் மனைவி மரியபுஷ்பம் மஞ்சள் பையோடு வந்தார். ஒல்லியான பெண். பேசும்போது கண்ணை எடுக்காமல் பார்ப்பார். பையிலிருந்து மூன்று சட்டைகளை எடுத்துக் கட்டிலில் விரித்தார்.

"சிஸ்டர், இந்தக் காலரப் பாருங்க. இடது பக்கம் அழுக்கு, வலது பக்கம் புதுசு மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து இப்படித்தான். தோய்க்கிறவளுக்குத் தெரியாதா?"

பார்த்தேன். உண்மைதான். ஆனால் சந்தேகம் பிடித்த கண்ணுக்கு எது தெரியுமோ அதுதான் எனக்குத் தெரிந்தது. நோயாளிக்கு ஆதாரம் திரட்டிக்கொண்டு வருபவர்கள் எப்போதும் எதையோ மறைப்பவர்கள் என்று நினைத்தேன்.

"அக்கா, பாதிக் காலருக்கு மட்டும் சோப்புப் போட்டீங்களா?"

அவர் முகம் இறுகிவிட்டது. சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்தார். "பாதி சோப்புப் போட்டுத் தோய்க்க எனக்கென்ன கிறுக்கா?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணி வாக்கில் கரண்ட் போயிற்று. டிசம்பராக இருந்தாலும் மழைக்குப் பின் அன்று காற்றில்லாத புழுக்கம். சன்னல் வழியாக, சூசைக்குத் தெரியாமல் பார்த்தேன். சட்டையின் இடது பாதி முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வலது பாதி காய்ந்து மொடமொடப்பாக இருந்தது. பொத்தான் வரிசைதான் எல்லை. கட்டிலுக்கு அடியில், இடது பக்கம், ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர்.

அவரே நனைத்துக்கொள்கிறார் என்று முடிவு கட்ட எனக்கு அது போதுமானதாக இருந்தது. நோயாளிகள் எல்லோருடைய கட்டிலுக்கு அடியிலும் மக் இருக்கிறது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

உள்ளே போய்க் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். கேட்டதையே சுற்றிச் சுற்றிக் கேட்டால் பொய் சொல்பவர் எங்கேயாவது தடுக்குவார், அதுதான் என் வழக்கம். வேறு என்ன தொந்தரவு என்று கேட்டபோது சூசை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இடது கையில சூடு தெரியல சிஸ்டர். குளிக்கயில இடது பக்கம் சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் ஒண்ணா இருக்கு."

"நேத்து வலது பக்கம்னு சொன்னீங்களே?"

"வேர்க்காதது வலது பக்கம். சூடு தெரியாதது இடது பக்கம்."

"ஒரே வியாதி இங்க பாதி அங்க பாதியா வருமா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். விக்கல் வந்தது. விக்கலையும் நான் நம்பவில்லை. வலது கண் இமை கொஞ்சம் இறங்கியிருந்தது. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். ஆனால் பக்கம் மாறியதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன். நொண்டுவதாக நடிப்பவர்கள் நாலாம் நாள் வேறு காலை நொண்டுவார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

நாலு மணிக்கு டீ வந்தது. கேண்டீனிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஸ்டீல் டம்ளரில் வரும். எல்லோரும் துண்டு நுனியைச் சுற்றித்தான் பிடிப்பார்கள். நானும் கைக்குட்டையைச் சுற்றி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன். யாரும் என்னை இதைச் செய்யச் சொல்லவில்லை. டாக்டர் சொல்லவில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானாகச் செய்தேன்.

"இடது கையால வாங்குங்க."

அவர் டம்ளரைப் பார்த்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். வெறும் கையால் வாங்கிக்கொண்டார்.

"சுடுதா?"

"இல்ல."

கை நடுங்கவில்லை, முகம் மாறவில்லை. இப்போது வைத்துவிடுவார், இப்போது வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டு பிடித்திருந்தார். அடுத்த கட்டில்காரர் தன் டீயை ஊதி ஊதிப் பாதி குடித்துவிட்டார். எவ்வளவு திமிர் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு நடிக்கும் ஆளைப் பார்க்கிறேன் என்று உறுதியாக நம்பினேன். கடைசியில் நானே டம்ளரை வாங்கி வைத்தேன்.

மேசைக்கு வந்து சார்ட்டில் எழுதினேன். ஆங்கிலத்தில்தான், அழகான எழுத்தில். வியர்வை பற்றிய புகார், மக்கில் தண்ணீர், பக்கம் மாற்றிச் சொன்னது என்று எழுதிவிட்டுக் கடைசி வரியாக, "நோயாளி நடிப்பதாகத் தெரிகிறது" என்று முடித்தேன்.

ஐந்து மணிக்குத் தலைமை எழுத்தர் வந்தார். டாக்டர் நாளைக்குத்தான் வருவார், அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

"டாக்டர் எதுக்கு சிஸ்டர்? கூட இருந்து பாக்குறது நீங்க. படிச்சவங்க நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டா யாரு என்ன கேப்பா?"

படிச்சவங்க. அந்த ஒரு சொல் போதும் எனக்கு. சார்ட்டில் எழுதியதையே ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் வார்டுக்குள் நுழைந்தபோது மரியபுஷ்பம் கணவரின் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் ஒன்றுமில்லை. கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன தோல் அது. விரல்களின் உள்பக்கம் தோல் மெலிந்த இடத்தில் நாலு விரலிலும் கொப்புளம். டம்ளரின் வளைவு அப்படியே பதிந்திருந்தது.

"யாரு சிஸ்டர் கொடுத்தது?" என்று அவர் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் சூசை, "நாந்தான் பிடிச்சேன்," என்றார்.

"ஆவி தெரிஞ்சுதுல்ல, கீழ வெச்சிருக்கலாமே," என்றேன்.

"தெரிஞ்சுது. கண்ணு நல்லாத்தானே இருக்கு. கீழ வெச்சா, சூடு தெரியுதுன்னு எழுதியிருப்பீங்க."

இத்தனை வருடத்தில் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். இதை அவர் திட்டாகக்கூடச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அவர் என்னைப் படித்த அளவுக்கு நான் அவரைப் படிக்கவில்லை.

கைக்கு மருந்து போட்டுக் கட்டினேன். பிறகு முந்தின நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மக்கை எடுத்து வெளியே வைத்தேன். அவரைச் சட்டையில்லாமல் உட்காரவைத்து, முகத்தையும் நெஞ்சையும் முதுகையும் இரண்டு பக்கமும் உலர்ந்த துண்டால் துடைத்தேன். ஃபேனை நிறுத்திவிட்டு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மரியபுஷ்பம் என்னை நம்பாமல் என் பக்கத்திலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் நெற்றியின் இடது பக்கம் பொடிப் பொடியாக முத்து வைத்தது. பிறகு கழுத்தில், நெஞ்சில். வலது பக்கம் ஒரு துளி இல்லை. ஒரு ஸ்பூனை எடுத்து அதன் முதுகால் நெற்றியில் இழுத்துப் பார்த்தேன். வலது பக்கம் வழுக்கிக்கொண்டு போனது, நடுவைத் தாண்டியதும் ஈரத்தில் ஒட்டி இழுத்தது. அந்தக் கோட்டை எந்த மக்காலும் போட முடியாது.

மத்தியானப் படகில் டாக்டர் வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், டம்ளரையும். அவர் அறையைக் கொஞ்சம் இருட்டாக்கச் சொல்லிச் சூசையின் கண்ணைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வலது கண்ணின் பாவை சின்னதாகவே இருந்தது. இடது கண்ணின் பாவை மட்டும் விரிந்தது. இறங்கியிருந்த இமை தூக்கக் கலக்கம் இல்லை.

பிறகு அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மூளையின் அடியில் தண்டு போன்ற ஒரு பகுதி, அதன் வலது ஓரத்தில் அடைப்பு. வியர்வைக்கு உத்தரவு கொண்டுபோகும் வழி அங்கிருந்து அதே பக்கமாகக் கீழே இறங்குகிறது. சூட்டையும் வலியையும் மேலே கொண்டுவரும் வழி எதிர்ப் பக்கத்திலிருந்து குறுக்கே கடந்து வந்து அதே இடத்தின் வழியாகப் போகிறது. அதனால் வேர்க்காதது ஒரு பக்கம், சூடு தெரியாதது மறுபக்கம். கை கால் பலத்துக்கான வழி வேறு இடத்தில் இருப்பதால் பிடி கொஞ்சமும் தளரவில்லை. விக்கலும் கம்மிய குரலும்கூட அதே இடத்தின் வேலைதான்.

அதாவது, எந்தப் பக்கம் மாறியதை வைத்து நான் அவரைப் பொய்யர் என்று முடிவு செய்தேனோ, அதுதான் அவர் சொன்னதிலேயே பெரிய உண்மை. நடிப்பவர் யாரும் இப்படி நடிக்கமாட்டார். எல்லாம் ஒரே பக்கம் என்றுதான் சொல்வார்.

"முதல் நாளே நான் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும்," என்று டாக்டர் இந்தியில் சொன்னார். பிறகு சார்ட்டைப் புரட்டினார். என் கடைசி வரியில் நின்றார். "ராய்," என்று மட்டும் சொன்னார். எழுதாதே என்று அவர் சொல்லிப்போன அபிப்பிராயம்.

அந்த வரி ஆஸ்பத்திரியில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. என் கையெழுத்தோடு அலுவலகத்துக்கும் போயிருந்தது. எஞ்சின் சூட்டில் பாதி உடம்பு வேர்க்காத, கயிறு கையை அறுத்தாலும் தெரியாத ஒரு மனிதரை அந்தத் தாள் திரும்பப் படகில் ஏற்றும், இல்லாவிட்டால் வேலையை விட்டு இறக்கும். யூனிஃபார்மோடு கிளம்பி அலுவலகத்துக்கு நடந்தேன்.

"நோட்டீஸ் டைப் ஆயிக்கிட்டு இருக்கு சிஸ்டர். ஃபைல்ல ஏத்தினத எப்படித் திருப்பித் தர்றது?" என்றார் தலைமை எழுத்தர். "நேத்து நீங்கதானே எழுதினீங்க?"

"நான்தான்."

"இன்னிக்கு மாத்துனா உங்களுக்குத்தானே அசிங்கம்? அந்த அம்மா வந்து அழுதாங்களாக்கும்?"

"அந்த அம்மா அழலை. ஒரு தாள் கொடுங்க."

அங்கேயே அவர் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். நேற்று நான் எழுதிய கடைசி வரி நான் கண்டதல்ல, என் அபிப்பிராயம், அது தவறு. டாக்டர் பார்க்காமல் நான் அதைக் கொடுத்தது தவறு. நோயாளியின் இடது கையிலுள்ள தீக்காயம் நான் செய்த சோதனையால் வந்தது. மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டேன். என் கையெழுத்து அவ்வளவு கோணலாக வந்தது அன்று ஒருநாள்தான். டாக்டரின் அறிக்கை மாலையில் பின்னாலேயே போயிற்று. நோட்டீஸ் நின்றது. எனக்கு ஒரு மெமோ வந்தது. அது என் பணிப் பதிவேட்டில் இன்னும் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான்.

சூசை கல்யாணத்துக்குப் போகவில்லை. மறுபரிசோதனைக்குப் போர்ட் பிளேர் போனார். தாய்மாமன் இல்லாமலே தாலி கட்டினார்கள். இப்போது அவருக்குக் கரையில் ஸ்டோர் வேலை, படகில் ஏறுவதில்லை. வியர்வைக் கோடு அப்படியே இருக்கிறது. வலது பக்கத்தைத் துணியால் நனைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு நோயாளி சொல்வதையெல்லாம் நம்புங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கப்பல் வரும், வார்டு நிறையும், தெர்மாமீட்டர் டீயில் முங்கும். சந்தேகப்படுங்கள். நான் இன்றும் சந்தேகப்படுகிறேன். ஆனால் நோயாளியைச் சந்தேகிக்கும் அதே கண்ணால் உங்கள் சந்தேகத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். யார் அதை உங்கள் காதில் போட்டது, அவருக்கு அதில் என்ன வேலை என்று. பேனாவை எடுப்பதற்கு முன்னால் பாருங்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சூசை பிரஷர் பார்க்க வருவார். புதன்கிழமைகளில் இனி நீங்கள்தான் பார்ப்பீர்கள். என் கையிலிருந்து எதை வாங்கினாலும் வலது கையால்தான் வாங்குவார். அந்தக் கையில்தான் சூடு தெரியும். மரியபுஷ்பம் கூடவே வருவார். முதல் தடவை நான் எழுதி முடித்ததும் நோட்டின் மேல் விரலை வைத்து, "என்ன எழுதியிருக்கீங்க? வாசிச்சுக் காட்டுங்க," என்றார்.

கோபம்தான் வந்தது. அப்போது அப்பாவின் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது. ரோடு வேலையில் இருந்த காலமெல்லாம் அவரைப் பற்றி யார் யாரோ எழுதியதன் கீழே அந்த விரல் பதிந்திருக்கிறது. ஒரு வரியைக்கூட யாரும் அவருக்கு வாசித்துக் காட்டியதில்லை. எழுதுகிற பக்கம் நான் வந்துசேர்ந்ததும் அதை மறந்துவிட்டிருந்தேன்.

அன்றிலிருந்து வாசிக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழிலோ இந்தியிலோ, வரி வரியாக, அவர்களுக்கு மட்டுமல்ல, கேட்கிற எல்லோருக்கும். நேரம் பிடிக்கும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நீங்களும் வாசியுங்கள்.

போன புதன்கிழமையும் வாசித்தேன். பிரஷர், நாடி, இடது கை விரல்களில் பழைய தழும்பு, புதிய காயம் இல்லை. மரியபுஷ்பம் கண்ணை எடுக்காமல் கேட்டார். ஒரு வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். பிறகு நோட்டின் மேலிருந்து விரலை எடுத்தார்.

"சரி. இப்ப கையெழுத்துப் போடுங்க," என்றார்.